மொட்டு விட்ட மூன்றாம் தொட்டி

“யாரு அத்தை கழுவச் சொன்னது? ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க. யாரு சொன்னது?”

“என் வீட்டுக் கல்லைக் கழுவ நான் யார்கிட்டடி உத்தரவு வாங்கணும்? டவுன் ஆபீஸ்லயா?”

“அது அழுக்கு இல்ல அத்தை.”

“பழுப்பா, வழவழன்னு, மூக்கைப் பொத்துற நாத்தத்தோட இருந்துச்சு. அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

“உயிர்னு பேரு. மீனோட கழிவைத் தின்னு தண்ணியை நல்லதாக்குற பூச்சிங்க. கல்லுல ஒட்டிக்கிட்டுத்தான் வாழும். ஒரு வருஷமா வளர்த்தேன். நீங்க குழாய்த் தண்ணியைப் பீச்சி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஒரே காலையில எல்லாத்தையும் சாக்கடைக்கு அனுப்பிட்டீங்க.”

“கண்ணுக்குத் தெரியாத ஜீவன் எல்லாம் நம்ம வீட்ல குடியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல பேர்ப்பலகை போட்டிருந்தியா?”

ஷிஹோவின் தோளில் பயணப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாய் வீட்டுக்கு அவள் ரயிலேறியதோடு போன வாரம் விட்டிருந்தோம். காஷிவஸாகியில் அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்து, ரெண்டு நாள் சமைத்துப் போட்டுவிட்டு, விடிந்ததும் கிடைத்த முதல் ரயிலில் ஓஜியா வந்து இறங்கியவள், நேரே குளத்தங்கரைக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் மீன்கள் எல்லாம் தண்ணீர் விழும் மூலையில் கூடி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குளத்துத் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்திருந்தது.

இந்தக் கதைக்குள் இப்போதுதான் எட்டிப் பார்ப்பவர்களுக்காக நாலு வரி. உரயாமா குடும்பத்துக்கு வீட்டின் முன்னால் ஸோபா நூடுல்ஸ் கடை, பின்னால் குளம். சாப்பிட வருபவர்கள் பாய் விரித்த அறையில் உட்கார்ந்து, மரத்தட்டில் சுருள் சுருளாக வைத்த ஸோபாவை உறிஞ்சியபடி வண்ணக் கெண்டைகளைப் பார்க்கலாம். மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இவற்றில் முக்கால்வாசி அவர் விட்டுப்போன மீன்கள்தான். அவர் விட்டுப்போன வடிகட்டி ஒன்றும் இருந்தது. ஆள் உயரச் சாம்பல் நிற பிளாஸ்டிக் டப்பா. அதன் மோட்டார் சத்தத்தைக் கேட்டு, பக்கத்து அறையில் யார் குறட்டை விடுவது என்று விசாரித்த வாடிக்கையாளர்கள் உண்டு.

கல்யாணத்துக்கு முன் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள் ஷிஹோ. போன வருஷம் அந்த டப்பாவை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் படிக்கட்டு போல மூன்று கல் தொட்டிகளைக் கட்டினாள். குளத்துத் தண்ணீர் மேல் தொட்டியின் அடியில் புகுந்து, கூழாங்கல்லுக்குள் ஊறி மேலே வந்து, அடுத்த தொட்டிக்கு இறங்கி, கடைசியில் மெல்லிய கண்ணாடித் தகடு போலக் குளத்தில் விழும். மேல் தொட்டியில் நீர்க்கீரை. நடுவில் யானைக் காது மாதிரி இலை விரித்த சேம்பு. கீழே மூன்றாம் தொட்டியில் ஊதாப் பூ விடும் ஐரிஸ். வடிகட்டி என்று யாராவது சொன்னால்தான் அது வடிகட்டி. சொல்லாவிட்டால் தோட்டம்.

மாமியார் தோகியேவுக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. கட்டி முடித்த அன்றே தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். “ஒரு மீன் செத்தாலும் சரி, மறுநாளே கொத்தனாரைக் கூப்பிடுவேன். மூணு தொட்டியும் இடிஞ்சு பழைய டப்பா திரும்பி வரும்.”

ஒரு வருஷமாக ஒரு மீனும் சாகவில்லை. அதில் தோகியேவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர் கழுவியது சுத்தத்துக்காகவா, வேறு கணக்கிலா என்று தெரு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பக்கத்து வீட்டில் சலவைக்கடை வைத்திருக்கும் நாங்கள் நியாயப்படி கழுவுகிறவர் கட்சியில்தான் சேர வேண்டும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாடி ஜன்னலை மட்டும் திறந்துவைத்தோம்.

இதெல்லாம் போதாதென்று அன்றைக்குத்தான் தோகியேவின் மகள் மாயுமியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சும்மா வீட்டார் இல்லை. மலை மேல் தலைமுறை தலைமுறையாக வண்ணக் கெண்டை வளர்க்கும் குடும்பம். அவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தண்ணீரைப் பார்ப்பார்கள். அப்புறம் மீனை. அதற்கப்புறம்தான் பெண்ணை.

“அவங்க பார்க்க வர்றாங்களேன்னுதானே பளிச்சுனு இருக்கட்டும்னு கழுவினேன்” என்றார் தோகியே. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “மீனும் கொழுகொழுன்னு தெரியட்டும்னு ரெண்டு நாளா நல்லா தீனி போட்டேன்.”

ஷிஹோ கண்ணை மூடித் திறந்தாள்.

“தீனியும் போட்டீங்களா?”

“பட்டினி போடச் சொல்றியா?”

ஷிஹோ பையைக் கீழே வைத்தாள். கொட்டகை அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துவந்து, குளத்துத் தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது; மீன் கழிவின் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை மாமியாரிடம் காட்டவில்லை. செடி மூட்டில் ஊற்றிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, கொஞ்சம் வெளியில வாங்க.”

கோஹெய் வரவில்லை. மாவு பிசையும்போது அவருக்குக் காது கேட்காது. அம்மாவும் மனைவியும் சண்டை போடும்போதெல்லாம் அவர் மாவுதான் பிசைந்துகொண்டிருப்பார்.

“மீன் சாகப் போகுது” என்றாள் ஷிஹோ. கத்தவில்லை.

அதற்குக் காது கேட்டது. முழங்கை வரை மாவோடு வந்து நின்றார்.

“பனி கரைக்கிற பம்பைப் போடுங்க. கிணத்துத் தண்ணி வேணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, ஒரு சொட்டும் குளத்துக்குள்ள போகக் கூடாது.”

குளிர்காலத்தில் கடை வாசலில் விழும் பனியைக் கரைக்க, நிலத்தடித் தண்ணீரைத் தரையிலிருந்து பீச்சும் பம்ப் அது. எங்கள் ஊரில் எல்லா வாசலிலும் உண்டு. அதை ஜூன் மாதத்தில் யாரும் போட்டதில்லை. கோஹெய் போட்டார். தெருப் பக்கத்து வால்வை மூட மறந்தும் போனார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வாசல் முழுக்கத் தண்ணீர் பூவாணம் போலச் சீறியது. தபால்காரர் சைக்கிளோடு நனைந்தார். எங்கள் கடைக்கு வெளியே உலர்த்தியிருந்த படுக்கை விரிப்புகள் இரண்டாம் முறை குளித்தன. சில்லறை விஷயம். சொல்லிக்காட்ட நாங்கள் இதுவரை போகவில்லை.

குழாயை இழுத்துக் குளத்துக்குத் திருப்பினார்கள். கிணற்றுத் தண்ணீரில் காற்று இருக்காது என்று ஷிஹோ, ஸோபா வடிக்கும் மூங்கில் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் அவற்றின் வழியே சிதறிச் சிதறிக் குளத்தில் விழுந்தது.

“அது சாப்பாட்டுச் சாமான்” என்றார் தோகியே.

“நாளைக்குப் புதுசு வாங்கிக்கலாம்.”

“உப்பைப் போடு. உங்க மாமா மீனுக்கு எது வந்தாலும் உப்புதான் போடுவாரு.”

“உப்புப் போட்டா செடி கருகிடும் அத்தை.”

“செடி பெருசா, மீன் பெருசா?”

“செடி போனா தொட்டி போயிடும். தொட்டி போனா மீன் போயிடும். ரெண்டும் வேணும் எனக்கு.” ஷிஹோ பேசிக்கொண்டே முதல் தொட்டியின் கற்களைப் புரட்டினாள். முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. இரண்டாம் தொட்டியும் அப்படியே. மூன்றாம் தொட்டியில் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வந்த கை முழுக்கப் பழுப்புக் குழம்பு.

“இதை ஏன் கழுவல?”

தோகியே வேறு பக்கம் பார்த்தார். “மொட்டு விட்டிருந்துச்சு. கல்லை எடுத்தா வேர் அசையும். இன்னிக்கு அவங்க வர்ற நேரத்துக்கு விரியுமேன்னு விட்டுட்டேன்.”

ஷிஹோ மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்பது எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தெரியவில்லை. இடையில் ஒரு மரக்கிளை.

“இந்தக் கல்லுல இருக்கிறது பொழைச்சிருக்கு. வேர்லயும் இருக்கு. இதை எடுத்து மத்த ரெண்டு தொட்டியிலயும் பிரிச்சுப் போட்டா, ஒருவேளை பிடிச்சுக்கும்.”

“எடுத்தா?”

“ஐரிஸைப் பிடுங்கணும்.”

“பூவையா? இன்னிக்கேவா? ஒரு பொழுது பொறுக்கக் கூடாதா? அவங்க பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் பிடுங்கிக்கோ.”

“ஒரு பொழுது மீன் பொறுக்காது.”

சொன்னவள் கால்சராயை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, முதல் ஐரிஸ் புதரின் அடியில் விரலை நுழைத்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அன்றைக்கோ மறுநாளோ விரிந்திருக்க வேண்டிய மொட்டுகள் இரண்டு காம்போடு முறிந்து தண்ணீரில் விழுந்தன. தோகியே அவற்றை எடுத்து ஏப்ரனில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாயுமி வந்தாள். கிமோனோ உடுத்தியாகிவிட்டது, இடுப்புப் பட்டியை இறுக்க ஆள் தேடி வந்தவள். முப்பத்திரண்டு வயது, கூட்டுறவு வங்கியில் வேலை, இதற்கு முன் வந்த வரன்களை எல்லாம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியவள்.

“அண்ணி, மீன் செத்தா இந்தச் சம்பந்தம் நின்னுடுமா?”

“தெரியல மாயுமி.”

“அப்ப நான் எதுக்கு வேண்டிக்கிறதுன்னும் தெரியலயே.”

“வாயை மூடிட்டு உள்ள போடி” என்றார் தோகியே.

“ஆயிரம் குஞ்சு பொரிச்சா ஒண்ணைத்தான் வெச்சுக்குவாங்களாம், அவங்க வீட்ல. மீதியை ஒதுக்கிடுவாங்களாம். ஆபீஸ்ல எல்லாரும் எனக்கு நல்லாத்தான் தைரியம் சொல்லி அனுப்பியிருக்காங்க.”

வேர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து ஷிஹோ மற்ற இரண்டு தொட்டிகளிலும் நட்டாள். ஆனால் கற்கள் இருந்தன, கூடை கூடையாக. பழுப்பைக் கைகளால் வழித்து, கழுவிய கல் ஒவ்வொன்றிலும் தேய்த்துப் போட வேண்டும். கோஹெய் குழாயை விட முடியாது. கிமோனோவில் நிற்கும் மாயுமியைத் தொடக்கூட விட முடியாது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒற்றை ஆளாக ஷிஹோ தேய்க்கத் தேய்க்க, கூடையில் கல் குறைந்ததாகவே தெரியவில்லை.

தோகியே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஏப்ரனில் இருந்த மொட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, சாம்பல் நீலக் கிமோனோவின் கைகளைக் கயிற்றால் தோளுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார்.

“நகரு.”

“அத்தை, நீங்க வேண்டாம். நாத்தம்.”

“நான் கழுவின கல்லு. எந்தக் கல்லுல எவ்வளவு போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நகரு.”

அப்படியாக, ஊரிலேயே சுத்தத்துக்குப் பேர் போன தோகியே, பளபளவென்று தான் தேய்த்துவைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, மீன் கழிவை அப்பி அப்பித் தொட்டியில் அடுக்கினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஜூன் மாதம் குஞ்சு பிரிக்கும் காலம் இல்லையா, மலையில் யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. அப்பா வரவில்லை. மகன் கென்சுகேயும் அம்மா நோபுகோவும் மட்டும் ஒரு பழைய சரக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசல் முழுக்கத் தண்ணீர். முன்பக்கம் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராததால், பக்கவாட்டு நடை வழியாக நோபுகோ குளத்தங்கரைக்கே வந்து நின்றார்.

“ஜூன்ல பனி பெய்யுதா இங்க?” என்று கேட்டார்.

தோகியே திரும்பினார். முழங்கை வரை பழுப்பு. கன்னத்திலும் ஒரு கோடு. குனிந்து வணங்கலாமா, கையை மறைக்கலாமா என்று புரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தார்.

நோபுகோ குனிந்து பதில் வணக்கம் சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். வெளுத்த கற்கள் மிச்சமிருந்த கூடையைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“யாரு கழுவினது?”

கோஹெய் இருமினார். மாயுமி வானத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு உரிமை உள்ளவள் ஷிஹோதான். அவள் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நாங்க வீட்டோட சேர்ந்து கழுவிட்டோம். இப்ப வீட்டோட சேர்ந்து சரி பண்றோம். கொஞ்சம் உள்ள உக்காருங்க, சாப்பாடு ரெடியா இருக்கு.”

தோகியே மருமகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கல்லை இன்னும் ஒரு தடவை தேய்த்தார்.

சாப்பாடு நடந்தது. எப்படி நடந்தது என்றால், யாரும் சாப்பிடவில்லை. பாய் அறையின் கதவைத் திறந்தால் குளம். கதவை மூடிவைத்தால் ஏன் மூடினார்கள் என்று கேள்வி. திறந்தே வைத்தார்கள். தோகியே கைகளை மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் பழுப்பு போகவில்லை, கிண்ணத்தை விரல்களை மடக்கிப் பிடித்தார். மாயுமியும் கென்சுகேயும் எதிரெதிரே உட்கார்ந்து, வானிலையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசி முடித்திருந்தார்கள். ஷிஹோ மட்டும் வெளியே, மூன்றாவது தொட்டியின் பக்கத்தில், தண்ணீர் விழும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் மூத்தவள் சாய்ந்தாள்.

மாமனார் காலத்து மீன். நீல முதுகு, செந்நிற வயிறு. முதலில் நீந்துவதை நிறுத்தியது. பிறகு மெதுவாக ஒருக்களித்து, செந்நிறம் மேலே தெரிய மிதக்கத் தொடங்கியது. ஷிஹோ குளத்தின் மறு கரையில் இருந்தாள். சுற்றி வருவதற்குள் என்ன ஆகுமோ.

மாயுமி எழுந்தாள்.

“உக்காரு மாயுமி” என்றார் தோகியே, சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்.

மாயுமி உட்காரவில்லை. வெள்ளைக் காலுறைகளோடு கல்லில் கால் வைத்து, அப்படியே குளத்துக்குள் இறங்கினாள். தண்ணீர் இடுப்பு வரை. கிமோனோவின் கைகள் இரண்டும் பாய்மரம் மாதிரி தண்ணீரில் விரிந்தன. மீனை இரண்டு கைகளிலும் ஏந்தி நிமிர்த்தினாள்.

“எந்தப் பக்கம் அண்ணி?”

“தொட்டித் தண்ணி விழுற இடத்துக்குக் கொண்டு போ. வாய் தண்ணியைப் பார்த்து இருக்கணும்.”

கென்சுகே தாயைப் பார்த்தான். தாய் அவனைப் பார்த்தார். அவன் கோட்டைக் கழற்றிப் பாயில் மடித்துவைத்துவிட்டு, காலுறையைக் கழற்றி, அவனும் இறங்கினான்.

“தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க. செவுளுக்குள்ள தண்ணி போகணும்.”

“இப்படியா?”

“ஆமா. வயித்தை அழுத்தாதீங்க. சும்மா தாங்கினா போதும்.”

“மீனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே பேசுறீங்க.”

“மனுஷங்களோட பேசிப் பழக்கம் கொஞ்சம் கம்மி.”

“அதான் தெரிஞ்சுதே, வானிலை பேசினப்ப.”

அவன் சிரித்துவிட்டான். மீனின் வாலைப் பிடித்து நேராக வைத்தான்.

“குஞ்சுல ஆயிரத்துக்கு ஒண்ணுதான் வெச்சுக்குவீங்களாமே. மீதியெல்லாம்?”

“மொத நாளே மீதியைப் பத்திக் கேக்குறீங்களே.”

“ரெண்டாவது நாள் வருதோ, என்னவோ.”

“நான் வர்றேன்” என்றான் கென்சுகே. மீனைப் பார்த்துத்தான் சொன்னான்.

அறையில் ஸோபா ஒட்டிக்கொண்டு கட்டியாகிக்கொண்டிருந்தது. நோபுகோ தேநீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்து, தொட்டிகளைச் சுற்றி நடந்தார். வாடித் தொங்கும் ஐரிஸ் இலைகளைத் தொட்டுப் பார்த்தார். கல் விளிம்பில் விரலை ஓட்டினார். தண்ணீர் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று குனிந்து பார்த்தார்.

“நீயா கட்டினே?”

“ஆமாங்க” என்றாள் ஷிஹோ.

“எங்க வீட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் மீன் வாங்க வர்றாங்க. விருந்தாளிங்களுக்குன்னு ஒரு குளம் இருக்கு. அவங்க உக்கார்ற இடத்துக்கு நேர் எதிர்ல அஞ்சு பிளாஸ்டிக் டப்பா. மூங்கில் தட்டி வெச்சு மறைச்சேன். தட்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கிறாங்க. இது மாதிரி ஒண்ணு அங்க கட்டித் தருவியா?”

ஷிஹோ பதில் சொல்வதற்குள் தோகியே பின்னாலிருந்து சொன்னார்.

“கட்டித் தருவா. ஆனா யாரும் கழுவாதீங்க.”

மூத்தவள் பிழைத்தாள். வெகு நேரம் கழித்து மாயுமியின் கைகளிலிருந்து தானாக நழுவி, அடியில் போய்ப் பதுங்கினாள். இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். விருந்தாளிகள் போனபோது கென்சுகே உடுத்தியிருந்தது கோஹெயின் சமையல் உடுப்பு. மாயுமியின் கிமோனோ எங்கள் கடைக்கு வந்தது. பாசியும் மீன் வாடையும் பட்டின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. எங்கள் அனுபவத்தில் பெண் பார்க்கும் நாளில் உடுத்திய கிமோனோ இப்படி வந்து சேர்ந்தது இது ஒன்றுதான்.

சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாய் திறக்கவில்லை. ஷிஹோ காலையிலிருந்து முதல் முறையாக உள்ளே போய்க் குளித்துக்கொண்டிருந்தாள். கோஹெய் மறுநாளைக்கு மாவு அளந்துகொண்டிருந்தார். தோகியே மட்டும் குளத்தங்கரையில் நின்றார்.

நாங்கள் மாடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தோம். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மூன்றாம் தொட்டியின் நிழலில், கல்லுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு மஞ்சள் மீன் கிடந்தது. போன வருஷம்தான் வாங்கினார்கள். சின்னது. வாடிக்கையாளர் குழந்தைகள் எல்லாம் அதைத்தான் கூப்பிடும். செத்திருந்தது.

தோகியே அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, கையை விட்டு அதை எடுத்தார். ஒரு வருஷத்துக்கு முன் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன சொல் அவருக்கு மறந்திருக்காது. எங்களுக்கே மறக்கவில்லை. கொத்தனார் வீடு நாலு வாசல் தள்ளித்தான்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஏப்ரனால் மீனைத் துடைத்தார். செய்தித்தாளில் சுருட்டினார். கொட்டகைக்குப் பின்னால் போய், சேம்புக் கன்றுகள் நட்டிருந்த மண்ணைக் கையாலேயே தோண்டிப் புதைத்தார். மேலே இலைச் சருகைப் பரப்பி, காலால் அழுத்திவிட்டு, கை கழுவ உள்ளே போகத் திரும்பியவர் எதிரில் ஷிஹோ நின்றாள். ஈரத் தலையில் துண்டு.

“மஞ்சளைக் காணோம் அத்தை.”

“எந்த மஞ்சள்?”

“நம்ம மஞ்சள். எல்லாத்தையும் பார்த்துட்டேன். அது மட்டும் இல்ல.”

தோகியே மண் ஒட்டிய கைகளை ஏப்ரனுக்குள் நுழைத்துக்கொண்டார். “கொடுத்தனுப்பிட்டேன். நோபுகோம்மாகிட்ட. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்ப முடியுமா? பையில தண்ணி ஊத்தி, நானே வண்டியில வெச்சேன்.”

“மீன் வளர்க்கிறவங்க வேற குளத்து மீனை அவ்வளவு சுலபமா வாங்கிக்குவாங்களா? நோய் வரும்னு தனியா வெச்சுப் பார்த்துட்டுத்தானே...”

“நான் கொடுத்தா வாங்க மாட்டாங்களா?”

ஷிஹோ குளத்தைப் பார்த்தாள். மாமியாரின் ஏப்ரனைப் பார்த்தாள்.

“அப்ப ஒரு மீனும் சாகல.”

“ஒரு மீனும் சாகல” என்றார் தோகியே. “கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லலாம்னு இருந்தேன். வேண்டாம். சமையலறை ஓடு ஒண்ணு ஒழுகுது, அதுக்கு மட்டும் வரட்டும். போய்த் தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்.”

மாயுமியின் கல்யாணம் நவம்பரில் நடந்தது. அக்டோபரில் வைக்க முடியவில்லை. சேற்றுக் குளங்களிலிருந்து மீன்களை ஏற்றும் மாதத்தில் மலை வீட்டில் மாப்பிள்ளைக்கே நேரம் கிடையாது. பனி விழுவதற்கு முன் அவள் மலைக்குக் குடிபோனாள். கூட்டுறவு வங்கி வேலையை விடவில்லை, தினமும் இறங்கி வருகிறாள், பையில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ஜூலை முதல் வாரத்தில், ஷிஹோ மலைக்குப் போய்விட்டாள். விருந்தாளிக் குளத்துக்குத் தொட்டி கட்டி முடிக்கும்வரை அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. தோகியே வாசல் வரை வந்து வழியனுப்பினார். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் உள்ளே போகவில்லை. நாங்கள் விசாரித்தபோது, வெயில் நன்றாக இருக்கிறது என்றார்.

மலை வீட்டில் ஷிஹோ பையை இறக்கிவைத்தாள். தேநீர் குடித்தாள். நோபுகோ வலையை உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

“எங்க மஞ்சள் மீன் எப்படி இருக்கு?” என்று கேட்டாளாம்.

நோபுகோ வலையைக் கீழே வைத்துவிட்டு, “எந்த மஞ்சள் மீன்?” என்றாராம்.